சலவைக்குப் போன சத்தியம்

கடித்த எலுமிச்சம்பழம் கூரியரில் வந்தது. பபிள் கவரில் சுற்றி, சின்ன அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே அம்மாவின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். பெருந்துறையிலிருந்து அன்னூருக்கு ஒரே நாள். பழத்தின் தோலில் நான்கு பல் தடம் இருந்தது. தடம் இன்னும் காயவில்லை.

அம்மா அதை முகரவில்லை. என்னிடம் நீட்டினாள். முகர்வது என் வேலை.

"பாலகோபால் மாமா," என்றேன்.

அவ்வளவுதான். போர் அறிவித்தாகிவிட்டது.

நாங்கள் தோடேலு. தெலுங்கில் ஓநாய் என்று பொருள். வெளியாட்கள் அதை எங்கள் வீட்டுப்பெயர் என்று நினைக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்திருக்கிறோம், யாரும் எதுவும் கேட்டதில்லை. எப்போதோ வடக்கேயிருந்து வந்து பருத்தி விதைத்தவர்கள், பிறகு நூல் மில் வைத்தார்கள். அம்மாவின் மில் சின்னது. மாதத்தில் மூன்று இரவு, பௌர்ணமியும் அதற்கு முன்னும் பின்னும், எங்கள் ஆட்கள் உருமாறுவார்கள். அந்த மூன்று நாளும் மில்லில் நைட் ஷிஃப்ட் கிடையாது.

அன்னூரில் ஒரு கூட்டம், பெருந்துறையில் ஒரு கூட்டம். பகலில் எல்லோரும் உறவு. ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு ஒருவர் போவோம், ஒரே பந்தியில் சாப்பிடுவோம். எல்லை என்பது அந்த மூன்று இரவுக்கு மட்டும். குன்னத்தூருக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம் எல்லையாக இருந்தது. இரண்டு கூட்டமும் அதில் வாசம் வைத்திருந்தன. சென்ற வருடம் ரோட்டை அகலமாக்கியபோது மரம் போய்விட்டது.

ஆனி பௌர்ணமியில் பாலகோபால் மாமாவின் மகன் அபிலாஷ் எல்லை தெரியாமல் எங்கள் பக்கம் வந்துவிட்டான். இருபது வயது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். விடியும்போது அவனுடைய இடது காதில் பாதி இல்லை.

யார் கடித்தது என்று கடித்தவருக்கே தெரியாது. உருமாறியவர்களுக்கு மறுநாள் எதுவும் நினைவிருக்காது. அதைச் சொல்லத்தான் கூட்டத்தில் ஒரு மூக்கு உண்டு. தலைமுறைக்கு ஒருவர் உருமாறாமல் பிறப்பார்கள். அவர்களுக்குப் பகலிலும் ஓநாயின் மூக்கு இருக்கும். எங்கள் தலைமுறையில் நான். எம்.எஸ்சி. உயிர்வேதியியலில் படித்ததெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த வாசங்களின் பெயர்கள். இப்போது கோயம்புத்தூரில் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் இருக்கிறேன்.

மூக்குக்கு ஒரு விதி உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் பாதி எனக்குச் சுலபம். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை.

அன்று காலை கூட்டத்தார் எல்லோரும் மில் வாசலில் நின்றார்கள். யாரென்று அம்மா என்னைக் கேட்டாள். அப்பா இறந்த பிறகு கூட்டத்துக்கு அம்மாதான் தலை. எனக்குப் பதில் தெரியும். அண்ணன் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான், இருந்தாலும் அவன் வாயோரத்தில் அபிலாஷின் ரத்த வாசம் இருந்தது.

"கிஷன் அண்ணன்," என்றேன்.

"அப்பிடியா பாப்பா," என்றான் அண்ணன். பஸ் போய்விட்டது என்று கேட்டவன் மாதிரிதான் சொன்னான்.

போரில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கடித்தவனுக்கு எதிரில் கடிபட்டவனின் நெருங்கிய ரத்தம் நிற்க வேண்டும். அதாவது அண்ணனுக்கு எதிரில் பாலகோபால் மாமா. மாமா உருமாறினால் எருமைக் கன்று அளவு இருப்பார். அண்ணன் சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். கண்ணாடி போட்டிருப்பான். ஷட்டில் விளையாடி வலது முட்டி போய்விட்டது. உருமாறினாலும் அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் ஓடுவான்.

நான் சொன்ன ஒரு பெயர் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

*

பழம் வந்த நாளிலிருந்து களத்துக்குப் போகிறவர்கள் சோப்பு போடக் கூடாது. பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. சாப்பாட்டில் உப்பு கிடையாது. நகம் வெட்டக் கூடாது. யாரோடு சண்டை போடுகிறோம் என்பது வாசத்தில் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த விதிகள். நான்காம் நாள் அண்ணனின் பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிக்கொண்டார். ஒன்பதாம் நாள் ஆபீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆயுர்வேத வைத்தியம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

தேஜஸ்ரீ அண்ணி கணபதியில் வளர்ந்தவள். எங்கள் ஆள் இல்லை. கல்யாணமாகி ஆறு மாதம். மூன்றாவது மாதம்தான் விஷயத்தைச் சொன்னார்கள். அன்று முழுக்க அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. மறுநாள் காலை அம்மாவிடம் வந்து, அந்த மூன்று நாளும் ராத்திரிக்கு எல்லோருக்கும் சோறு வைக்க வேண்டுமா வேண்டாமா என்று கேட்டாள். அம்மாவுக்கு அவளை அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

போருக்கு முன்னால் இரண்டு கூட்டமும் பவானியில் கூடிச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்வது ஒரு ஜமக்காளத்தின் மேல். அந்த ஜமக்காளம் நூறு வருடமாக எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. கடைசிப் போர் அறுபத்திரண்டில் நடந்தது. அதில் இறந்த இரண்டு பேரை அதில்தான் கிடத்தினார்கள். அதற்கு முன்னால் இறந்தவர்களையும் அதில்தான். ஒருமுறைகூடத் துவைத்ததில்லை.

ஏன் ஜமக்காளம் என்றால், ஓநாய்க்குச் சொல் புரியாது. ரத்தம் வந்தால் நிற்பேன், விழுந்தவனைத் தொடமாட்டேன் என்று பகலில் சத்தியம் செய்யலாம். நிலா ஏறியதும் சொல் போய்விடும், வாசம்தான் மிஞ்சும். ஆகவே சத்தியத்தை அந்த வாசத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஜமக்காளத்தில் மூக்கை வைத்துச் சொல்லிவிட்டு, இரவில் அதையே களத்தில் தொங்கவிடுவார்கள். வாசம் வரும்போது சத்தியமும் திரும்பி வரும். கல்லூரியில் நாய்க்கு மணியடித்துச் சோறு போடும் பரிசோதனையைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் பரண்தான்.

புதன்கிழமை அம்மா ஜமக்காளத்தைப் பரணிலிருந்து இறக்கி, மாட்டுக்கொட்டகை நிழலில் கொடியில் போட்டாள். காற்றாட வேண்டும் என்பது வழக்கம். எலி மூத்திரமும் பழைய ரத்தமும் வேர்வையும் கலந்த வாசம் அது. எனக்கு அது ஒரு பெரிய கூட்டம் சேர்ந்து மூச்சு விடுவது மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே ஜமக்காளம் நான்காக மடித்து, இஸ்திரி போட்டு இருந்தது. ஓரத்தில் சலவைக்கடை நம்பர் குத்தியிருந்தது.

"அம்மா, கலரெல்லாம் எப்பிடி வந்திருக்குது பாருங்க," என்றாள். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் நீலக் கோடு ஒன்று ஓடியது. அதில் நீலம் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

நான் கவரைப் பிரித்து முகத்தை வைத்தேன். லாவெண்டர். அதற்கு அடியில் சோடா. அதற்கும் அடியில் பருத்தி. வேறு எதுவும் இல்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கொடியில் எதற்குக் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று மட்டும் சொன்னாள்.

அண்ணிக்கு முகம் வாடிவிட்டது. "அவருக்குத்தானுங்க சோப்பு ஆகாதுன்னு சொன்னீங்க. ஜமக்காளத்துக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலீங்களே," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அண்ணன் மட்டும் அதைக் கையில் எடுத்து முகர்ந்து, தன்னைவிட இது நல்ல வாசம் என்றான்.

எங்கள் லேப்பில் அந்த வாசத்தைத் திரும்பச் செய்ய முடியுமா என்று அம்மா கேட்டாள். முடியாது என்றேன். அது ஒரு மருந்தின் வாசம் இல்லை. குறைந்தது இருநூறு பொருள் அதில் இருந்தன. பாதிக்கு மேல் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் செய்தவை. அவற்றை உண்டாக்கிய ஆட்கள் இப்போது இல்லை.

எல்லோரும் படுக்கப் போனதும் அம்மா என் அறைக்கு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணு," என்றாள். "கேட்டா, உந்தின்னு சொல்லிப்போடு."

எனக்குப் புரிந்தது. சத்தியத்துக்கு முன்னால் போரை அறிவித்தவர் மூக்கைப் பார்த்து மூன்று முறை தெலுங்கில் கேட்பார். வாசன உந்தா? வாசம் இருக்கிறதா? இருந்தால் உந்தி. இல்லாவிட்டால் லேது. மற்றவர்களுக்குப் பகலில் சாதாரண மூக்கு. நான் சொல்வதுதான் முடிவு.

"லேதுன்னு சொன்னா எல்லை போயிருமாம்மா," என்றேன்.

"போயிரும். உங்கொப்பன் இருபத்தஞ்சு வருசம் காத்தது. ஜமக்காளத்தைத் தொவச்சுப்போட்டாங்கன்னு சிரிப்பாங்க. அவளையுஞ் சேத்துத்தான்."

"உந்தின்னு சொன்னா?"

அம்மா மடித்த ஓரத்தைப் பிரித்துவிட்டாள். அவளுக்கும் தெரியும். லாவெண்டரில் செய்த சத்தியம் நிலா ஏறியதும் காணாமல் போகும். ரத்தம் வந்தாலும் யாரும் நிற்கமாட்டார்கள். விழுந்தவனைத் தொடாமல் விடமாட்டார்கள். அண்ணன் முட்டியை இழுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஓடுவான்?

போகும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

*

பவானியில் ஆமினா பீவியின் ஜமக்காளக் கடைக்கு மேலே ஒரு பெரிய அறை உண்டு. முதல் ஜமக்காளத்தை எங்கள் ஆட்கள் அந்தக் கடையில்தான் வாங்கினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒருவர் சாட்சி. ஆமினா பீவிக்கு ஐம்பது வயதிருக்கும். நாங்கள் போனபோது பார்சல் இன்னும் சேலம் தாண்டவில்லை என்று யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே எங்களை மேலே போகச் சொல்லிக் கை காட்டினார்.

உச்சி வெயில் நேரம். ஐந்து பேர் ஒரு வரிசை, ஐந்து பேர் எதிர் வரிசை. சட்டை இல்லை. எல்லோருக்கும் நகம் வளர்ந்திருந்தது. எல்லோர் மேலும் வாசம் அடித்தது. அபிலாஷ் காதில் கட்டுடன் எதிர் வரிசையின் கடைசியில் இருந்தான். அவன் முகத்தைப் பார்க்காமலிருக்க அண்ணன் மின்விசிறியைப் பார்த்தான்.

நடுவில் ஜமக்காளத்தை விரித்தோம். எதிர் வரிசையில் இரண்டு பேர் அந்த நீலக் கோட்டையே பார்த்தார்கள். அண்ணி வர வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். இருந்தும் வந்து கதவோரம் நின்றிருந்தாள்.

பாலகோபால் மாமா என்னைப் பார்த்தார். பெரிய உருவம். மெதுவான குரல்.

"வாசன உந்தா?"

ஜமக்காளத்தை மறுபடி முகர்வது போலக் குனிந்தேன். இருபது பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்பதே போதும் எனக்கு. அம்மா தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசன உந்தா?"

அண்ணன் மின்விசிறியை விட்டு என்னைப் பார்த்தான். ஆனி மாதம் பார்த்த அதே பார்வை. நான் எதைச் சொன்னாலும் சரி என்பது மாதிரி.

"வாசன உந்தா?"

"லேது," என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை என்று நினைத்தேன். எல்லோருக்கும் கேட்டிருந்தது. கீழே தெருவில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் இருந்தது.

மாமா கோபப்படவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். துவைத்துவிட்டார்கள் என்றேன். எதில் என்றார். ஷாம்பூவில், லாவெண்டர் என்றேன்.

முதலில் சிரித்தது அபிலாஷ். காதில் தையல் இழுத்திருக்க வேண்டும், கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நாந்தானுங்க தொவைக்கப் போட்டது," என்றாள் அண்ணி கதவோரத்திலிருந்து. "இவிய யாருக்கும் தெரியாதுங்க."

அம்மா எழுந்தாள். எல்லையைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் எழுந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள், எங்கள் பின்னாலேயே மேலே வந்து உட்கார்ந்திருந்த ஆமினா பீவி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"உட்காருங்கம்மா. எல்லை எங்கயும் போகாதுங்க," என்றார். "மொத ஜமக்காளம் எடுக்கறப்பவே பேசுன பேச்சு இருக்குதுங்க. மூக்கு பொய் சொன்னாத்தான் எல்லை போகும். உண்மை சொன்னா ஜமக்காளம் மட்டுந்தான் போகும். புதுசு எடுத்துக்கோணும்."

"புதுசுல ஏதுங்க வாசம்?" என்றார் மாமா.

"பழக்கோணுங்க. சண்டைக்குப் போற பத்துப் பேரும் ஒண்ணா அதுல படுத்து எந்திரிக்கோணும். வாரத்துக்கு ஒரு நாள், மூணு பௌர்ணமி தாண்டற வரைக்கும். அப்பறம் மூக்கு பாத்துச் சொல்லோணும். அதுக்கப்பறந்தான் சத்தியம், சண்டை எல்லாம்." கேரண்டி விவரம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, ஞாயித்துக்கெழமை தோதுப்படுமுங்களா?" என்றார் மாமா.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினான். "அதுவரைக்கும் சோப்பு?"

"ஆகாதுங்க," என்றார் ஆமினா பீவி.

*

பழக்குவது ஆடியில் ஆரம்பித்தது. அந்த மூன்று பௌர்ணமிக்கும் இரண்டு கூட்டமும் வெளியே போகவில்லை. எங்கள் ஆட்களை மில் கோடவுனில் வைத்துப் பூட்டினோம். அண்ணன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டான். ஆபீஸில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பவானிக்குப் போனோம். புது ஜமக்காளம் இருபதடி நீளம். முதல் வாரம் எங்கள் ஐந்து பேர் இந்தக் கோடியிலும் அவர்கள் ஐந்து பேர் அந்தக் கோடியிலும் படுத்தார்கள். நடுவில் இரண்டு கெஜம் காலியாக இருந்தது. மின்விசிறி நடுவில் இருந்தது. இரண்டாம் வாரம் வெக்கை தாங்காமல் எல்லோரும் நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

உப்பில்லாத தயிர்ச்சோறு இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாத்திரத்தில் வந்தது. அதைத் திட்டுவதில் இரண்டு கூட்டமும் ஒன்றாக இருந்தன. மாமா படுத்த இரண்டாம் நிமிடம் குறட்டை விடுவார். அதை நிறுத்த அவர் காலைத் தட்டுவது முதலில் அபிலாஷின் வேலையாக இருந்தது. பிறகு பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தட்டினார்கள்.

அண்ணனும் அபிலாஷும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் வாரம் கல்லூரி புராஜெக்டில் ஏதோ ஓடவில்லை என்று அபிலாஷ் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் எட்டிப் பார்த்து ஒரு வரியைக் காட்டினான். அது ஓடியது. அபிலாஷ் நன்றி சொல்லவில்லை.

"மச்சான், இன்னொரு காது இருக்குது. வேணுங்களா?" என்றான்.

"உப்பில்லாம எனக்கு எறங்காது மாப்ள," என்றான் அண்ணன்.

நான் ஒவ்வொரு வாரமும் ஜமக்காளத்தை முகர்ந்து நோட்டில் எழுதினேன். லேப் பழக்கம். முதல் வாரம்: சாயம், கஞ்சி, பருத்தி. மூன்றாம் வாரம்: பத்து ஆட்கள், ஐந்தும் ஐந்தும் தனித்தனி. ஆறாம் வாரம்: நடுவில் கலங்கல். எட்டாம் வாரம் நான் நீண்ட நேரம் முகத்தை வைத்திருந்தேன். அன்னூர் எது, பெருந்துறை எது என்று தெரியவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஒரே துணியில் படுத்து, ஒரே சோற்றைத் தின்று, சோப்பு போடாமல் இருந்தால் தோலில் உள்ளவை ஒருவரிலிருந்து ஒருவருக்குப் போகும். ஒரே வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரே வாசம் வருவது அப்படித்தான். பதினோராம் வாரம் படியேறும்போது அண்ணன் பின்னால் வருகிறான் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கியது அபிலாஷ்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

புரட்டாசி பௌர்ணமி தாண்டியது. ஐப்பசியில் மறுபடி இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"வாசன உந்தா?" என்றார் மாமா.

"உந்தி," என்றேன். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதையே சொன்னேன். அது உண்மை. வாசம் அந்த அறையை நிறைத்திருந்தது.

பத்துப் பேரும் குனிந்து ஜமக்காளத்தில் மூக்கை வைத்தார்கள். சத்தியத்தை ஒன்றாகச் சொன்னார்கள். உன் வாசம் என் மூக்கில், என் வாசம் உன் மூக்கில். ரத்தம் வந்தால் நிற்பேன். விழுந்தவனைத் தொடமாட்டேன். சூரியன் வந்தால் பகை இல்லை. பிறகு ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கடித்து எதிரில் இருப்பவனிடம் கொடுத்தார்கள். அண்ணனின் பழத்தை வாங்கியபோது மாமாவின் கை கொஞ்சம் நின்றது.

எல்லோரும் இறங்கிய பிறகு அவர் படியில் எனக்காக நின்றிருந்தார்.

"வாசம் உந்தி. சரிங்க அம்மணி," என்றார். "யாரு வாசம்னு கேக்கற வழக்கம் இல்லீங்களே?"

"இல்லீங்க மாமா."

"நல்லதுதானுங்க," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

எனக்கு அதில் நிம்மதி வரவில்லை. சொந்தக் கூட்டத்து வாசம் அடிப்பவனை ஓநாய் கடிக்காது, அது சரி. என் மூக்கு ஓநாய் மூக்கு என்று சொல்கிறார்கள். நான் உருமாறியது இல்லை. எனக்குப் பிரித்துப் பார்க்க முடியாதது அவர்களுக்கும் முடியாது என்று எதை வைத்துச் சொல்வது? சோதித்துப் பார்க்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதில் அண்ணன் இருந்தான்.

*

களத்துக்குப் போனவர்களுக்கு விடிந்ததும் மாற்று வேட்டி கொண்டுபோவது கூடப்பிறந்தவளின் வேலை. பௌர்ணமி அன்று வெயில் சாயும்போது வேட்டிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து நின்றாள். அவளும் இன்னும் ஒரு மணி நேரத்தில் கோடவுனுக்குள் போக வேண்டும்.

"அஞ்சு போதும் கண்ணு. இதுல பத்து இருக்குது," என்றாள்.

நான் பேசவில்லை.

"அவியளுக்கு அவிய ஊட்டுல கொண்டாருவாங்க."

நான் எதையும் வெளியே எடுக்கவில்லை. அம்மா சற்று நேரம் பையைப் பார்த்தாள். பிறகு பத்தாவது வேட்டியை வெளியே எடுத்தாள். மடிப்பைச் சரியாக மடித்து, மறுபடி உள்ளே வைத்தாள்.

இரவு மழை பெய்தது. நானும் அண்ணியும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் இரண்டு முறை டீ போட்டாள். இரண்டு முறையும் ஆறிப்போனது. கிழக்கே வெளுக்க ஆரம்பித்ததும் அவள் காரை எடுத்தாள்.

வேப்பமரம் இருந்த இடத்தில் இப்போது மைல்கல் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தரிசுக் காடு. கிளுவை வேலியில் ஜமக்காளம் நனைந்து தொங்கியது. நான் காரிலிருந்து இறங்கி நின்று மூச்சை இழுத்தேன். ஈர மண். கிளுவை. நனைந்த பருத்தி. ஆட்கள். ரத்த வாசம் இல்லை. ஆனால் மழை பெய்திருந்தது, மழை நிறையக் கழுவிவிடும்.

வேலிக்கு அடியில் அவர்கள் குவியலாகக் கிடந்தார்கள். வாசத்தை வைத்து எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாழ்க்கையில் முதல் முறை. கால்களை எண்ணினேன். இருபது. மறுபடி எண்ணினேன். இருபது.

பாலகோபால் மாமாவின் வாய் அண்ணனின் கழுத்தில் இருந்தது.

அண்ணி என்னைத் தாண்டிச் சேற்றில் போய்க் குனிந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "கொறட்டை," என்றாள்.

நான் கிட்டப் போனேன். மாமா அண்ணனின் கழுத்தில் முகத்தை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அபிலாஷ் குறுக்கே படுத்திருந்தான், அவனுடைய நல்ல காது அண்ணனின் வயிற்றில் அழுந்தியிருந்தது. அண்ணனின் தொடையில் ஒரு கீறல். கிளுவை முள்.

தூக்கத்திலேயே அண்ணன் காலை நீட்டி மாமாவின் காலைத் தட்டினான். குறட்டை நின்றது. மாமா கண்ணைத் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேட்டி இருக்குதுங்களா அம்மணி?" என்றார்.

நான் பார்க்காமல் பையை நீட்டினேன். ஒவ்வொருவராக எழுந்தார்கள். யார் ஜெயித்தது என்று யாரோ கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ரத்தம் வராத போரில் எல்லை இருந்த இடத்தில் இருக்கும் என்று மாமா சொன்னார். காதுக்குப் பதில் என்று இனி பேச்சு இல்லை என்றும் சொன்னார். அபிலாஷ் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அண்ணனின் கண்ணாடி காரில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வேட்டியை முதலில் விரித்தது அண்ணன். விரித்ததும் தும்மினான். பிறகு அபிலாஷ் தும்மினான். மாமா வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டே நான்கு முறை தும்மினார். மூன்று மாதத்துக்கு மேலாகச் சோப்பு வாசம் படாத மூக்குகள். பத்துப் பேரும் சேற்றில் நின்று தும்மிக்கொண்டிருந்தார்கள்.

நான் அண்ணியைப் பார்த்தேன். வேட்டிகளைச் சலவைக்குப் போட்டு வாங்கி வந்தது அவள்.

"வேட்டிக்கும் ஆகாதுன்னு யாரும் சொல்லலீங்களே," என்றாள்.